கூண்டுக்குள் ஒரு காலை

மல்டிமீடியா பல்கலைக்கழகம் வந்த பிறகு வாடகை வீடுகளும் உணவுக் கடைகளும் பெருகிவிட்ட மலாக்காவின் புக்கிட் பெருவாங்கில், ஒரு தாமான் வீட்டின் பின்கட்டில் அமைந்த பெரிய பறவைக் கூண்டு சுத்தம் செய்யப்படுவதை ஒரு காலைப்பொழுது முழுவதும் உடனிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அந்த வேலையைச் செய்பவர், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி வளர்ந்து, தோட்டம் கைமாறியதும் பட்டணம் வந்து, இப்போது சில வீடுகளின் கூண்டுகளைப் பராமரித்து ஜீவனம் நடத்தும் பெரியவர். தோட்டத்தின் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, எழுந்த பழக்கம் இன்னும் விடவில்லை. பொழுது புலரும் முன்பே வந்துவிட்டார்.

கூண்டுக்கு இரண்டு கதவுகள். வெளிக்கதவைத் தாழிட்ட பிறகே உள்கதவைத் திறக்க வேண்டும்; இல்லையேல் ஒரு பறவை தப்பினால் மற்றவையும் பின்தொடரும். உள்ளே சென்றதும் அவர் துடைப்பத்தைத் தொடவில்லை. தெளிப்பானால் தரை முழுவதும் தண்ணீர் தூவி, எச்சம் ஊறும்வரை நிதானமாகக் காத்திருந்தார். "காஞ்சதக் கூட்டினா தூசி பறக்கும் தம்பி, அது நம்ம நெஞ்சுக்குள்ளதான் போகும்" என்றார். பறவை எச்சத்தின் தூசியிலிருந்து மனிதரின் நுரையீரலைத் தாக்கும் கிளிக்காய்ச்சல் என்ற வியாதி, 1929-30ஆம் ஆண்டுகளில் தென்னமெரிக்கக் கிளிகளின் வழியாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிப் பலரைப் பலிகொண்டது. அதன் பெயரைக் கூடக் கேட்டறியாத அம்மனிதர், அதைத் தடுக்கும் முறையை அனுபவத்தால் அறிந்திருக்கிறார்.

தரை ஊறுவதற்குள் கிளைகளின் பக்கம் திரும்பினார். கடையில் விற்கும் வழுவழுப்பான ஒரே கனமுள்ள கோல்களை அவர் வைப்பதில்லை. கொய்யாக் கிளைகளைப் பலவகைத் தடிமனில் வெட்டிக் கட்டியிருக்கிறார். எந்நேரமும் ஒரே அளவான கோலைப் பற்றி நிற்கும் பறவையின் உள்ளங்காலில் புண் உண்டாகும் என்பது காரணம். கிளையில் ஒட்டிய எச்சத்தை, முனை மழுங்கிய பழைய பால்வெட்டுக் கத்தியால் சுரண்டினார். பட்டைக்குள் ஆழமாக இறங்காமல் கத்தியை இழுக்கும் அந்தக் கைப்பக்குவம், மரத்துக்குக் காயம் படாமல் பால் எடுத்த காலத்திலிருந்து வந்தது. தண்ணீர்ப் பாத்திரங்களும் தோட்டத்துப் பழைய பால் மங்குகளே. பளபளப்பான அந்த மண்பாண்டம் துருப்பிடிப்பதில்லை, ஒரு தேய்ப்பிலேயே பாசி விட்டுப்போகிறது.

இக்கூண்டில் வாழும், 'லவ் பேர்ட்ஸ்' என்று நம்மவர் அழைக்கும் பட்ஜி கிளிகள், ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதிக்கு உரியவை. மலாக்காவின் ஈரக்காற்று அவற்றுக்குப் புதிது. தானியங்களில் பூஞ்சணம் பிடிப்பதற்கோ அதுவே ஏற்ற சூழல். ஆகவே நேற்றைய தினையில் எஞ்சியதை அவர் தயங்காமல் கொட்டிவிட்டார். கங்கோங் கீரையின் மிச்சத்தையும் உச்சிப்பொழுதுக்குமேல் விட்டுவைப்பதில்லை. தண்ணீரைக் காலையும் மாலையும் மாற்றுகிறார். கழுவிய பாத்திரங்களையும் கழற்றிய கிளைகளையும் வெயிலில் உலர்த்திய பிறகே மீண்டும் உள்ளே வைக்கிறார். மழை பிடித்துக்கொண்ட நாட்களில் மாற்றாக வைத்திருக்கும் இரண்டாம் தொகுதியே உபயோகப்படுகிறது. இடுக்குகளை விரல் நுனியால் தடவிப் பார்த்ததன் காரணம் கேட்டேன். பகலில் அங்கே பதுங்கும் சிவப்பு உண்ணிகள் இரவில் வெளிவந்து பறவையின் இரத்தத்தை உறிஞ்சும். பகலில் பறவையின் உடம்பில் தேடினால் அகப்படுவதில்லை.

புதிய கம்பிவலை போட்ட மூலை ஒன்றைக் காட்டினார். துத்தநாகம் பூசிய வலையைக் காடி கலந்த நீரால் தேய்த்துக் கழுவி, சில காலம் வெளியில் போட்டுவைத்தே பொருத்தியதாகச் சொன்னார். அலகால் கம்பியைக் கடித்துக்கொண்டே இருப்பது கிளியின் சுபாவம்; உதிரும் துத்தநாகம் வயிற்றில் சேர்ந்தால் அது விஷமாகும்.

முராய் பத்து போன்ற நாட்டுப் பறவைகளை வளர்க்க விரும்புவோர், 2010ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறையின் உரிமம் பெற வேண்டும். இதைப் பலர் அறிந்தே வைத்திருக்கிறார்கள். ஆனால் கூண்டைக் கழுவும் மனிதரைப் பற்றி நினைப்பவர் குறைவு. பெரியவர் தோளில் கிடந்த துண்டைத்தான் மூக்கில் சுற்றிக் கட்டியிருந்தார், கையுறை இல்லை. பறவைகளுக்குச் சத்துமருந்து வாங்கிவரும் வீட்டுக்காரர்கள், அதே கடைவீதியில் ஒரு பெட்டி முகக்கவசமும் ஒரு ஜோடி ரப்பர்க் கையுறையும் வாங்கிக் கூண்டின் வெளிக்கதவருகே மாட்டிவைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.