இரு பாசறைகளுக்கு நடுவே ஒரு பங்கு



சத்தியமங்கலத்துப் பேருந்து நிலையத்தில் நின்று வடக்கே நோக்கினால் திம்பம் மலை நீலநிறச் சுவரென எழுந்து நிற்கும். பண்ணாரியைக் கடந்து, 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, சாமராஜநகர் வழியாகப் பெங்களூரை அடைகிறது நெடுஞ்சாலை. மற்றொரு சாலை, பவானி ஆற்றை எதிர்த்து மேற்கே செல்கிறது. பவானிசாகர், சிறுமுகை, மேட்டுப்பாளையம் என்று போய் மலையேறினால் குன்னூரை அடுத்த வெலிங்டனைக் காணலாம்.

பெங்களூரில் இருப்பது, 1780-இல் தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையின் தலைமையகம். வெலிங்டனில் இருப்பது, 1758-ஐத் தன் தொடக்கமாகக் கொள்ளும் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம். மல்லிகைத் தோட்டங்களுக்கும் கரும்பு வயல்களுக்கும் பெயர்பெற்ற நம் ஊர், இவ்விரு பாசறைகளுக்கும் நடுவே அமைந்திருக்கிறது. இரு சாலைகளில் எதில் ஏறினாலும், நம் இல்லத்துப் பிள்ளை ஒருவன் பெட்டியோடு புறப்பட்டுப்போன வழியாகவே அது இருக்கும்.

படைவீரரின் காலடி இம்மண்ணுக்குப் புதிதன்று. 1790 செப்டம்பரில் கசல்ஹட்டிக் கணவாய் வழியே இறங்கிய திப்பு சுல்தானின் படையும், கர்னல் ஃப்ளாய்டின் ஆங்கிலப் படையும் இவ்வூரருகே மோதின. தளபதிகளின் பெயர்களை வரலாறு பத்திரமாக வைத்திருக்கிறது. அப்படைகளில் நடந்து வந்தவர்களுக்காக எந்தெந்த வீடுகளில் விளக்கு எரிந்தது என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

குருமடத்தில் பயின்ற நாள்களில், 1990-களின் தொடக்கத்தில், கிறிஸ்மஸுக்கு மூன்று நாள்கள் இருக்கையில் பெங்களூரிலிருந்து இவ்வழியே வந்துகொண்டிருந்தேன். திம்பத்துத் தேநீர்க் கடையில் பேருந்து நின்றது. எதிர்த்திசையில் ஏறி வந்த பேருந்தும் அங்கேயே நின்றது. அதிலிருந்து இறங்கிய இளைஞர் ஒருவரின் தகரப் பெட்டியில் பெயரும் படை எண்ணும் வெள்ளை மையால் எழுதப்பட்டிருந்தன. விடுப்பு முடிந்து படைக்குத் திரும்புகிறவர் அவர். கழுத்தில் செபமாலை கண்டு பேச்சுக் கொடுத்தேன். தாயார் சுட்டுக் கொடுத்த கச்சாயத்தை எடுத்து நீட்டினார். “நீங்க திருவிழாவுக்கு எறங்கறீங்க, நான் ஏறறேன்” என்று சிரித்தார். இரு பேருந்துகளும் பிரிந்தன. அவர் பெயரைக் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் குறை பிற்காலத்தில் வேறு உருவில் என்னிடமே திரும்பி வந்தது. பங்குப் பொறுப்பேற்ற ஆண்டுகளுள் ஒன்றில், நள்ளிரவுத் திருப்பலி சிறப்பாக நடந்தேறியது. குடில் கட்டிய இளைஞர், பாடற்குழுவினர், அன்பளிப்பு வழங்கியோர் என எல்லாருக்கும் பெயர் சொல்லி நன்றி கூறினேன். பூசை முடிந்து கூட்டம் கலைந்த பின், குடிலருகே ஓர் அம்மையார் மட்டும் நின்றிருந்தார். பூந்தோட்டத்தில் விடியுமுன் மல்லிகை பறித்துப் பிழைப்பவர். மகன் வடக்கே எல்லையில் இருந்தான். என்னைக் கண்டதும் தோத்திரம் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கிப் பேசினார்:

“ஏனுங்க சாமி, எல்லார் பேரும் சொன்னீங்க. எம் பையன் பேரு மட்டும் உட்டுப் போச்சுங்க. அவனுக்கு அங்க பூசை இருக்குதோ என்னமோ. நம்ம பூசையில பேரு வந்தா, அவனும் வந்தாப்பல இருக்குமுங்க.”

அவர் சொல்லில் கோபம் இல்லை. அதனாலேயே அது என்னை அதிகமாகச் சுட்டது. அவ்வாண்டு அந்த வீட்டுத் திண்ணையில் நட்சத்திரம் கட்டப்படவில்லை என்பதை மறுநாள் வீடு சந்திக்கச் சென்றபோதுதான் கண்டேன். கட்டுகிற கை எல்லையில் இருந்தது.

நம் பங்கின் முதியவர் ஒருவர், 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப் படையில் பணியாற்றியவர். யாழ்ப்பாணத்தில் ஒரு கிறிஸ்மஸ் இரவைக் கழித்ததாகச் சொன்னார். ஆலயத்திலிருந்து தமிழில் பாடல் கேட்டதாம். ஊரில் பாடும் அதே மெட்டு. “உள்ளே போய் மண்டியிட ஆசை, சீருடையும் துப்பாக்கியுமாய் அந்தச் சனங்களுக்கு நடுவே நிற்கக் கால் கூசிற்று, சாமி. வெளியிலேயே நின்றேன்” என்றார். தூரம் என்பது கிலோமீட்டரில் மட்டும் அளக்கப்படுவதில்லை என்று அன்று விளங்கிற்று.

சியாச்சின் பனிமலையை 1984 ஏப்ரல் முதல் நம் வீரர் காத்து வருகின்றனர். அங்கே 19,600 அடி உயரத்திலிருந்த காவல் நிலையொன்றின்மீது 2016 பிப்ரவரி 3 அன்று பனிச்சரிவு விழுந்தது. மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த பத்துப் பேர் புதையுண்டனர். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட ஒருவரும் பிப்ரவரி 11 அன்று மறைந்தார். அப்பதின்மருள் நால்வர் தமிழ்நாட்டவர். குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு நள்ளிரவுப் பூசைக்கு வரும் நாம், அந்தக் குளிரை ஒரு கணமேனும் எண்ணிப் பார்த்தல் தகும்.

குடிலை உற்று நோக்குங்கள். அகுஸ்து சீசரின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, நாசரேத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி நடந்து வந்தவர் சூசையப்பர். சொந்த வீட்டில் தொட்டில் செய்து வைத்திருந்தாலும் அது அன்று உதவவில்லை. முதல் கிறிஸ்மஸைக் கொண்டாடிய குடும்பமே, அரசாணையின் பொருட்டு வீட்டைவிட்டு வெகுதொலைவில் இருந்த குடும்பமன்றோ! இடையரும் வீட்டில் உறங்கியவர்கள் அல்லர். இரவுக் காவலில் விழித்திருந்தவர்கள். ஆகவே, எல்லையில் காவல் நிற்கும் நம் பிள்ளை கிறிஸ்மஸை இழந்துவிட்டான் என்று எண்ண வேண்டாம். குடிலுக்குள் அவனுக்கு முன்னரே இடம் இருக்கிறது. நம் மன்றாட்டில்தான் சில வேளைகளில் இடம் இல்லாமற் போகிறது.

அந்த அம்மையாரின் சொல்லுக்குப் பின், எங்கள் பங்கில் ஒரு குறிப்பேடு வைத்தோம். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, படையில் இருப்போரின் பெயர்களை வீட்டார் அதில் எழுதுவர். 1949 முதல் கொடிநாளாக அனுசரிக்கப்படும் டிசம்பர் 7-க்குள், மறைக்கல்விச் சிறுவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வாழ்த்து மடல் எழுதி, படை அஞ்சல் முகவரிக்கு அனுப்புவர். கைப்பேசி வந்துவிட்ட காலத்தில் மடல் எதற்கு என்று சிலர் கேட்டதுண்டு. பனி உச்சியில் தொடர்பு கிடைக்காத நாளில், சட்டைப் பையிலுள்ள மடலை எடுத்து வாசிக்கலாமே!

பண்ணாரியம்மனை வழிபடும் அண்டை வீட்டு அம்மையார் ஒருவரும் வந்து, தம் மகன் பெயரையும் எழுதச் சொன்னார். எழுதிக்கொண்டோம். தாயின் கவலைக்குச் சமய வேறுபாடு ஏது?

இன்று திம்பம் மலைச்சாலை, 2013-இல் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகத்தின் ஊடே செல்கிறது. வனவிலங்குகளின் பொருட்டு 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. நள்ளிரவு மணி ஒலிக்கும் வேளையில் மகன் அவ்வழியே திடீரென்று வந்து இறங்குவான் என்று எதிர்பார்ப்பதற்கும் இல்லை. எனினும் அந்த வேளையில், பீடத்தருகே நின்று பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறேன். மல்லிகை பறிக்கும் அம்மையார் தம் மகன் பெயர் வரும்போது தலை நிமிர்கிறார். இப்போது அவர் வீட்டுத் திண்ணையில் பங்கு இளைஞர் நட்சத்திரம் கட்டித் தருகின்றனர்.

பட்டியலின் முடிவில் பெயர் இல்லாத ஒருவருக்காகவும் ஒரு நொடி மௌனமாய் நிற்கிறேன். திம்பத்துத் தேநீர்க் கடையில் எனக்குக் கச்சாயம் தந்தவர் அவர்.