முனீஸ்வரன் கோயில் தெருவிலே...

காரைக்குடிக்குப் போகிறீர்களா, சகோதரிகளே? முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளை விட்டுவிடாதீர்கள். செக்கோஸ்லோவாகியா எனாமல் தூக்கு, பர்மா அரக்குப் பெட்டி என்று, ஒரு காலத்தில் செட்டிநாட்டுப் பெண்களுக்குச் சீராக வந்தவை பலவும் அங்கே இருக்கின்றன.

உங்கள் தெரு மளிகைக் கடையில் கம்ப்யூட்டர் இருக்கிறதல்லவா? தினம் 5 சோப்பு விற்கிறது, புதுச் சரக்கு வர 4 நாள் ஆகும் என்றால், இருப்பு 20-க்கு இறங்கியதுமே "ஆர்டர் கொடு" என்று சொல்லிவிடும். கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளை! ஆனால் இந்தத் தெருவில் அதன் ஜம்பம் சாயாது. செக்கோஸ்லோவாகியா தேசமே 1993-ல் இரண்டாகிவிட்டது. பழைய தூக்குக்கு யாரிடம் ஆர்டர் கொடுப்பது? இன்னொரு பெரிய வீடு காலியானால்தான் அடுத்த சரக்கு.

பித்தளைப் பாத்திரம் வாங்கினால் விளிம்பைப் பாருங்கள். யாரோ ஓர் ஆச்சியின் பெயரெழுத்து வெட்டியிருக்கக்கூடும்.