வடிகால்

மாசி மகத் தீர்த்தவாரிக்கு மயிலம் முருகன் வைத்திக்குப்பம் வரும்போது, கழுவெளிக் கரையிலிருந்து அப்பாவின் சிநேகிதர் ஒருவரும் வருவார். அப்பா அந்தப் பக்கத்து ஊர்களில் கருவாடு விற்றவர். ஒருமுறை அவர், சதுப்போரத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டதாகப் பெருமையுடன் சொன்னார்.

கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024இல் ராம்சார் தளமாகவும் அறிவிக்கப்பட்டது. நானோ அப்போது அமெரிக்காவின் ஐயோவாவைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். அங்கே வயலுக்கு அடியில் சுட்ட மண் குழாய்களையும், பிற்பாடு துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்களையும் புதைத்து நீரை வடித்தார்கள். 1780களுக்கும் 1980களுக்கும் இடையே அம்மாநிலத்தின் ஈரநிலங்களில் ஏறக்குறைய 89 சதவீதம் அழிந்தது. தேங்கி நிற்கும் நீரில் உரத்தின் நைட்ரேட் ஓரளவேனும் கழியும். குழாயிலோ அது அப்படியே ஆற்றுக்குப் போகிறது. மிசிசிப்பி வழியே மெக்சிகோ வளைகுடாவை அடைந்து பாசியைப் பெருக்குகிறது. பாசி மடிந்து அழுகுகையில், கோடைதோறும் கடலடியில் பிராணவாயு இல்லாமல் போகிறது.

இதையெல்லாம் (கொஞ்சம் மிடுக்காகவே) சொன்னேன்.

"தம்பி, தண்ணி நின்னா பயிரு அழுவிடும். கொக்கு வந்தா என் கடனைக் கட்டும்?"

என்னிடம் பதில் இல்லை. கழுவெளி இடையன்திட்டுக் கழிமுகம் வழியாக நம் கடலில்தான் சேர்கிறது என்பதுகூட அப்போது வாயில் வரவில்லை.

அப்பா மட்டும் கேட்டார்: "அந்த ஊரு வலைக்காரங்க என்ன பண்றாங்க?"