சர்க்கரையும் பழியும்

மயிலாப்பூரில் யார் வீட்டுக்குப் போனாலும் காப்பி வருவதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும்: "சர்க்கரை போடலாமோன்னோ?" கேட்கிறவர் அன்போடுதான் கேட்கிறார். ஆனால் "வேண்டாம்" என்று பதில் சொன்னவுடன் அந்தக் கூடத்தில் ஒரு சிறு மாறுதல் நிகழ்வதைக் கவனித்திருக்கிறீர்களா? சொன்னவர் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறார். கேட்டவர் கொஞ்சம் உயர்த்திக்கொள்கிறார். "எத்தனை வருஷமா? ஸ்வீட்டெல்லாம் நிறையச் சாப்பிடுவேளோ?" என்று குறுக்கு விசாரணை தொடங்கிவிடும். மலேரியா வந்தவரை யாரும், "ஏன் கொசுவிடம் கையை நீட்டினீர்?" என்று கேட்பதில்லை. சர்க்கரை வியாதிக்காரர் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டே காப்பி குடித்தாக வேண்டும்.

என் மன்னி அந்தக் கூண்டில் முப்பது வருஷமாக நிற்கிறார். மந்தைவெளியில் குடித்தனம். ஒல்லியான தேகம். கல்யாணப் பந்தியில் ஜாங்கிரி விழுந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் இலைக்கு அதை மாற்றிவிடுகிற சுபாவம். அப்படிப்பட்டவருக்கு நாற்பத்திரண்டாவது வயதில் வியாதி வந்தது. "வாயைக் கட்டியிருந்தால் வருமோ?" என்று உறவில் ஒருத்தி கேட்டாள். கேட்டவள் அன்றைக்கே மறந்திருப்பாள். மன்னி மறக்கவில்லை. மாத்திரைகளைப் பெருங்காய டப்பாவில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்தார். பிறகு டாக்டர் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னபோது, "ஊசின்னா முத்திப் போச்சுன்னு சொல்லுவா" என்று காலம் கடத்தினார். அப்படி ஒளித்தும் கடத்தியும் போன வருஷங்களின் விலையைக் கண்கள் கொடுத்தன. இப்போது பத்திரிகைத் தொடர்கதையை அண்ணாதான் உரக்கப் படித்துக் காட்டுகிறார்.

மன்னியின் கண்ணை வியாதி மட்டும் கெடுத்துவிடவில்லை. வெட்கமும் கூட நின்று கெடுத்தது என்பது என் அபிப்பிராயம். அதனால்தான் இந்த வியாதி உண்மையில் எங்கே நடக்கிறது என்று விசாரித்துப் பார்க்கத் தொடங்கினேன். கதை எழுதுகிறவனுக்கு எதற்கு இந்த வேலை என்று நீங்கள் கேட்கலாம். விஷயம் கதையைவிடச் சுவாரஸ்யமாக இருந்ததுதான் காரணம்.

1921-இல் கனடாவின் டொரான்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். மறு வருஷம் ஜனவரியில், சாகக் கிடந்த பதினான்கு வயதுப் பையனுக்கு அதைச் செலுத்தினார்கள், பிழைத்துக்கொண்டான். சர்க்கரை வியாதி என்றால் இன்சுலின் பற்றாக்குறை, அவ்வளவுதான் என்று உலகம் நினைத்துக்கொண்டது. குழந்தைகளுக்கு வரும் வகையில் அது சரியே. ஆனால் 1960 வாக்கில், நியூயார்க்கில் பெர்ஸன் என்ற டாக்டரும் ராஸலின் யாலோ என்ற பெண்மணியும் இரத்தத்தில் ஓடும் இன்சுலினை அளக்க ஒரு நுட்பமான வழி கண்டுபிடித்தார்கள். அளந்து பார்த்தால், நடுவயதில் வியாதி வந்தவர்களில் பலருக்கு இன்சுலின் ஏராளமாக இருந்தது! யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்ஸன் அதற்குள் காலமாகிவிட்டார்.

இன்சுலின் இருக்கிறது, வேலை நடக்கவில்லை. ஏன்? 1971-இல் அமெரிக்காவில் பிரெஷே, ராத், நெவில் என்ற மூவர் இன்சுலினோடு கதிரியக்க அயோடினைச் சேர்த்து அடையாளமிட்டு, கல்லீரல் உயிரணுக்களின் சவ்வோடு கலந்து பார்த்தார்கள். சவ்வில் அதற்கென்றே அமைந்த இடங்களில் அது போய் ஒட்டிக்கொண்டது. அந்த இடத்துக்கு இப்போது தமிழில் 'ஏற்பி' என்று பெயர்.

மாடவீதிப் பழைய வீடு ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திண்ணை, நிலைப்படி, ரேழி, கூடம், கொல்லை. தபால்காரர் திண்ணையோடு நின்றுவிடுவார். உள்ளே வருகிற வழக்கம் இல்லை. நிலைப்படியில் நிற்கிறவர் செய்தியை வாங்கி ரேழியில் இருப்பவருக்குச் சொல்ல, அவர் கூடத்துக்குச் சொல்ல, உள்ளே காரியம் நடக்கிறது. இன்சுலின் அந்தத் தபால்காரர். ஏற்பி நிலைப்படியில் நிற்கிறவர். பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே. வெளிப்பாதியை இன்சுலின் தொட்டவுடன் உள்பாதி தன்மேல் தானே பாஸ்பேட் முத்திரை குத்திக்கொண்டு வேலையைத் தொடங்குகிறது என்று 1982-இல் கண்டார்கள். அங்கிருந்து செய்தி கைமாறிக் கைமாறிப் போகிறது. தசை உயிரணுவில் குளுகோஸ் நுழைவதற்கான கதவுகளில் பெரும்பாலானவை உள்ளே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். செய்தி போய்ச் சேர்ந்த பிறகுதான் அவை சவ்வுக்கு வந்து பொருந்தும். இரத்தத்தில் காத்திருக்கும் குளுகோஸ் உள்ளே போகும்.

மன்னிக்கு வந்த வகையில் தபால்காரர் வந்து கூப்பிடுகிறார். செய்தி ரேழியைத் தாண்டுவதில்லை. தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்துவிட்ட கொழுப்பு அந்தக் கைமாற்றத்தைக் குலைக்கிறது. கணையமோ, கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் பலமாகக் கூப்பிடுகிறது. ஓயாமல் கூப்பிட்டால் எந்த வீட்டில் கதவு திறந்திருக்கும்? இன்சுலின் வெள்ளத்தில் கிடக்கும் உயிரணு தன் ஏற்பிகளையே குறைத்துக்கொள்கிறது என்று 1974-இல் ராத்தின் குழுவினர் காட்டினார்கள். பல வருஷம் கத்திக் கத்திக் கணையமும் களைத்துப்போகிறது. அப்போது ஊசி தேவைப்படுகிறது. களைத்தவனுக்கு ஒத்தாசையாக ஆள் அனுப்புவது தண்டனை ஆகுமா?

இதில் நம் ஊருக்குத் தனிப் பங்கு உண்டு. சென்னையில் வளர்ந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 8 பேருக்கு 1989-இல் இந்த வியாதி இருந்தது. 2003-04-இல் அது 14-ஐத் தாண்டியது. டாக்டர் வி. மோகன் குழுவினர் நகரத்து வார்டுகளில் 26,001 பேரைச் சோதித்துச் சொன்ன கணக்கு இது. ஐரோப்பியரைவிட இந்தியருக்கு இரத்தத்தில் இன்சுலின் அதிகம் என்று 1986-லேயே அவரும் சகாக்களும் எழுதியிருந்தார்கள். கையும் காலும் ஒல்லி, கொழுப்பு வயிற்றுக்குள் என்பது நம்மவர் வாகு. மன்னியின் ஒல்லித் தேகம் அவரைக் காப்பாற்றாததற்கு இதுவே காரணம். பரம்பரையில் பாதி வருகிறது; தீட்டின வெள்ளை அரிசியும் நாற்காலி உத்தியோகமும் மீதியைச் செய்கின்றன. அந்த அரிசியைத்தான் பழி சொல்கிறவர்களும் சாப்பிடுகிறார்கள்.

ஒரு நல்ல செய்தியும் இந்த ஊரிலிருந்தே வந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் வியாதியின் விளிம்பில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு பரீட்சித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். பொதுவான புத்திமதி மட்டும் கேட்டவர்களில் மூன்று வருஷத்துக்குள் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்தது. சாப்பாட்டைத் திருத்திக்கொண்டு தினம் அரைமணி வேகமாக நடந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. நடை என்ன செய்கிறது தெரியுமா? சுருங்கி விரியும் தசை, இன்சுலின் கூப்பிடாமலே அந்தக் கதவுகளைச் சவ்வுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. வாசலில் செவிடான வீடு, கொல்லைக் கதவைத் திறந்துகொள்கிறது!

லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். அமிர்தாஞ்சனம் கண்ட புண்ணியவான் பெயரிலுள்ள பூங்கா. புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூவோடு மாமிகள் சுற்றிச் சுற்றி வருவார்கள். வெளியே வந்ததும் நேரே பொங்கல் வடைக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி விஞ்ஞானம் என்ன சொல்லும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் நடந்த நடை நடந்ததுதான். கதவு கொஞ்ச நேரமாவது திறந்திருக்கும். 39 பேருக்கு வரத்தான் வந்தது என்பதையும் மறக்க வேண்டாம். ஒழுங்காக நடந்தும் சிலருக்கு வரும். அவர்களிடம் போய்க் காரணம் கேட்க யாருக்கும் பாத்தியதை இல்லை.

அண்ணாவின் பேத்திக்குப் பதினான்கு வயது. பின்கழுத்தில் கறுப்பாக, வெல்வெட்டுத் துணி மாதிரி ஒரு பட்டை. "சரியாகக் குளிக்கிறதில்லை" என்று அவள் அம்மா பயத்தமாவும் எலுமிச்சம்பழமும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, குழந்தையின் கழுத்து புண்ணாகிவிட்டது. வேறெதற்கோ போனபோது டாக்டர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். அது அழுக்கல்ல. இன்சுலின் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும்போது அது தோலின் உயிரணுக்களை வளரச் சொல்லிவிடுகிறது. தசையில் கேளாத குரல் தோலில் கேட்டுவிடுகிறது. அமெரிக்காவில் ஆறு நோயாளிகளிடம் இந்தக் கறுப்பையும் ஏற்பியின் கோளாறையும் சேர்த்துப் பார்த்து 1976-இல் எழுதிவைத்தார்கள்.

விஷயம் தெரிந்த அன்று மன்னி பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கண் சரியாகத் தெரியாததால் விரலால் தடவிப் பார்த்தார். "உன் மேலே தப்பில்லேடி, கண்ணா" என்றார். அந்த வார்த்தையை முப்பது வருஷத்துக்கு முன்னால் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

பெண் இப்போது அப்பாவோடு தினம் பூங்காவுக்குப் போகிறாள். சர்க்கரை இன்னும் விளிம்பைத் தாண்டவில்லை. கழுத்துக் கறுப்பு அப்படியேதான் இருக்கிறது. தேய்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.