படகுக்கு ஒரு மடக்குப் பந்தல்

அல்பர்ட்ஸ்லுண்டில் கடல் இல்லை. ஒரு கால்வாய் இருக்கிறது. 1960களில் இந்த நகரத்தைக் கட்டியபோது மழைநீருக்காக அமைத்தது. அதில் தாராக்கள்தான் ஓடும். படகு வைத்திருப்பவர்கள் தெற்கே வாலென்ஸ்பேக் அல்லது இஸ்ஹோய் துறைமுகத்துக்குப் போகவேண்டும். அப்பாவும் போனார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த மாதமே, ஐந்தரை மீற்றர் நீளமான பழைய மோட்டர் படகு ஒன்றை வாங்கிவிட்டார்.

"டென்மார்க்கில் நிழல் எதற்கு?" என்று நீங்கள் சிரிப்பீர்கள். யூன் மாதக் கடைசியில் இங்கே பகல் 17 மணி நேரத்துக்கும் மேல். கடலில் வெயில் மேலிருந்தும் அடிக்கும், தண்ணீரில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். நான் இயந்திரவியல் படிக்கிறேன். அதனால் அப்பா, "பிள்ளை, படகுக்கு ஒரு பந்தல் போட்டுத் தாவன்" என்றார்.

டெனிஷ்காரர் படகின் துணிக்கூரையைக் 'கலேஷே' என்பார்கள். பிள்ளை வண்டியின் மடக்குக் கூரைக்கும் அதே சொல்தான். நான் தெரிவு செய்தது 'பிமினி' என்ற வகை. பஹாமாஸில் உள்ள ஒரு தீவுக் கூட்டத்தின் பெயர் அது. அமைப்பு எளிது. வளைத்த குழாய்கள் மூன்று. பெரியது படகின் இரண்டு விளிம்புகளிலும் பிணைச்சலில் நிற்கும். மற்ற இரண்டும் அதிலேயே பொருத்தப்பட்டிருக்கும். மேலே துணி. முன்னும் பின்னும் பட்டிகள் இழுத்துப் பிடிக்கும்.

உண்மையான வேலை காற்றுத்தான். என் பந்தல் இரண்டு மீற்றருக்கு இரண்டு மீற்றர். வினாடிக்கு 10 மீற்றர் வேகத்தில் காற்று அந்தத் துணியில் நேராக மோதினால், கிட்டத்தட்ட 25 கிலோ பாரம். வேகம் 20 மீற்றர் ஆனால் 50 கிலோ அல்ல, 100 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. ஆகவே நல்ல கூரைக்கு நிற்கத் தெரிந்தால் மட்டும் போதாது, நேரத்துக்கு மடங்கவும் தெரியவேண்டும்.

எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்து, உப்புத் தண்ணீருக்குத் தாங்கும் துருப்பிடிக்காத உருக்குக் குழாயில் சட்டத்தைச் செய்தேன். துணியை அம்மா தைத்தார். "துணி இருக்கும், வெயிலுக்கு நூல்தான் முதலில போகும்" என்று அவரே கடைக்குப் போய், வெயில் தாங்கும் நூலாகப் பார்த்து வாங்கிவந்தார். எல்லாம் முடிந்ததும், "வாங்கோ அம்மா, கடலுக்குப் போவம்" என்றேன்.

"நீங்கள் போங்கோ. நான் வரேல்லை."

அம்மா கட்டாயத்துக்காகத் துறைமுகம் வரை வந்தார். படகில் ஏறினார். பந்தலின் கீழ் இருந்தார். இரண்டு நிமிடம்கூட இல்லை. "எனக்கு மூச்சு முட்டுது. இதைக் கழட்டு" என்றார். கழற்ற முடியவில்லை. முன் பட்டிகளை அவிழ்க்க ஒருவர் வெளியே படகின் மூக்குப் பக்கம் போகவேண்டும், இன்னொருவர் சட்டத்தைப் பிடிக்கவேண்டும். அதற்குள் அம்மா எழும்பி இறங்கிவிட்டார்.

அன்று இரவுதான் சொன்னார். 1990களின் தொடக்கத்தில் ஆனையிறவுப் பாதை மூடியிருந்தது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய சனம் இரவில் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்தது. கடற்படையின் தாக்குதலில் பலர் செத்த பாதை அது. அம்மாவுக்கு அப்போது பதினேழு வயது. தண்ணீர் அடிக்காமல் இருக்க எல்லோரையும் படங்கால் மூடிவிட்டார்களாம். "சத்தம் கேட்டுது பிள்ளை. என்னெண்டு பாக்க ஏலாது. படங்கைத் தூக்கிப் பாக்க விடேல்லை."

நான் காற்றைக் கணக்குப் போட்டேன். நூலைக்கூட யோசித்தேன். கூரையின் கீழ் இருப்பவர் அதைத் தானே திறக்க முடியுமா என்று யோசிக்கவில்லை.

குளிர்காலம் முழுக்கத் திருத்தினேன். முன் பட்டிகளை எடுத்துவிட்டேன். பின்பக்கத்தில் இறப்பர் கயிறு கட்டினேன். அது எப்போதும் பந்தலைப் பின்னால் இழுத்து மடக்கப் பார்க்கும். முன்பக்கம் ஒரு கயிறு, இரண்டு கப்பிகள் வழியாக இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள கவ்விக்கு வரும். ஊர்க் கிணற்றில் பார்த்த அதே கப்பி வேலைதான். கயிற்றை இழுத்தால் நிழல். விட்டால் வானம். கயிறு அறுந்தாலும் பந்தல் திறக்குமே தவிர மூடாது. ஒரு கையால், இருந்த இடத்திலிருந்தே.

மே மாதம் அம்மாவிடம் கயிற்றை மட்டும் கொடுத்தேன். துறைமுகத்தில் கட்டிய படகிலேயே இருந்து ஏழெட்டுத் தரம் இழுத்தார், விட்டார், இழுத்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "சரி, மோட்டரைப் போடுங்கோ" என்றார்.

அலைதடுப்புச் சுவரைத் தாண்டும்வரை பந்தலை முழுக்கத் திறந்துதான் வைத்திருந்தார். வெயில் முகத்தில் அடித்தது. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் தானே பாதி இழுத்தார். கயிறு மட்டும் திரும்பி வரும்வரை அவர் கையிலேயே இருந்தது.

உங்கள் வீட்டிலும் அம்மாவோ அப்பாவோ காரணம் சொல்லாமல் "நான் வரேல்லை" என்று சொல்லும் இடம் ஒன்று இருக்கலாம். கட்டாயப்படுத்தாதீர்கள். ஒருநாள் பக்கத்தில் இருந்து கேட்டுப் பாருங்கள். நான் அதைப் பந்தல் போடுவதற்கு முன்பே செய்திருக்கவேண்டும்.