பயன்படுத்துகிறவருக்கும் ஒரு நாற்காலி

சிறுசேரி மென்பொருள் கம்பெனிகளுக்கும் கோவளம் மீனவர் குப்பத்துக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். அங்கே நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பவர்கள். இங்கே விடியுமுன் கடலைப் பார்ப்பவர்கள். வேலையில் சேர்ந்துவிட்டு ஆசி வாங்க வரும் பிள்ளைகளிடம், இந்த இரு தரப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லி அனுப்புகிறேன்.

1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை நிலவரம் தேவைப்பட்டது. அது அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் ஆங்கிலத்தில் கிடந்தது. மையத்தில் இருந்தவர்கள் அதை இறக்கி, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். வலையைச் சரிசெய்துகொண்டிருப்பவர் தலை நிமிராமலே கேட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் பக்கமே போகாதவருக்கு அந்தக் குழாய்தான் இணையதளத்தின் முகப்பு. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து போனில் வந்த சுனாமி எச்சரிக்கையை நல்லவாடு கிராமத்தின் ஒலிபெருக்கி ஊருக்கே சொல்லி, மக்களைக் கரையைவிட்டு ஓடவைத்தது.

பிறகு கைபேசி வந்தது. 2007-ல் அதே நிறுவனம் மீனவர்களுக்கான கைபேசித் திட்டத்தில் இறங்கியது. கடல் தகவல் தர ஹைதராபாத்தின் இன்காய்ஸ் மையம், தொழில்நுட்பத்துக்குக் குவால்காம் போன்ற கம்பெனிகள், பயன்படுத்த மீனவர்கள் என்று பல தரப்பும் கூடிய வேலை அது. பின்னர் அது செயலியாக வளர்ந்தது: அலை, காற்று, மீன் கிடைக்கக்கூடிய இடம், சர்வதேச எல்லையை நெருங்கினால் எச்சரிக்கை.

இப்படிப்பட்ட வேலையில் சண்டை வராமல் இருக்காது. கடல்நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் அளந்து தருகிறது. அதிலிருந்து மீன் கூடும் இடத்தைக் கணிக்கும் விஞ்ஞானிக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் விட்டுப்போகக் கூடாது. வடிவமைப்பாளருக்குத் திரை கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டும். புரோகிராமருக்கு நெட் இல்லாத இடத்திலும் செயலி நின்றுவிடக் கூடாது. மீனவருக்கு, “இன்னிக்குப் போகலாமா, வேணாமா?” நால்வர் சொல்வதும் நியாயம்தான். அதனால்தான் ஒருவரிடம் மட்டும் விட்டுவிட முடியாது.

பிள்ளைகளே, உங்கள் திரையைக் குளிர்சாதன அறையில் சோதித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். கொக்கிலமேட்டில் படகு கரையேறும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள். போன் பாலிதீன் உறைக்குள் இருக்கும். கட்டைவிரலில் உப்புத் தண்ணீரும் மீன் செதிலும் ஒட்டியிருக்கும். உச்சி வெயிலில் நீங்கள் ஆசையாகத் தேர்ந்த வெளிர்சாம்பல் எழுத்து மறைந்தே போகும். ஈர விரல் ஒன்றைத் தொட்டால் வேறொன்று திறக்கும். பத்துக் கூட்டம் போட்டாலும் தெரியாதது அந்தக் கரையில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அதற்காக மீனவர் சொல்வதே வேதம் என்றும் சொல்லமாட்டேன். வாடையையும் கொண்டலையும் உடம்பால் அறிந்தவருக்கும் நூறு மைலுக்கு அப்பால் உருவாகும் புயல் தெரியாது, செயற்கைக்கோளுக்குத் தெரியும். ஆனால் மீன் கூடும் இடத்தைக் கணிக்கக் கடலை அளக்கும் செயற்கைக்கோளின் கண்ணை மேகம் மறைத்துவிடும். அப்போது அனுபவம்தான் துணை. மற்றவருக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும்போதுதான் கூட்டுவேலை தொடங்குகிறது. படித்தவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம். வயதானவர்களுக்கு இன்னும் கஷ்டம், அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆகவே ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். திட்டம் பேசும் முதல் நாளே, அதைப் பயன்படுத்தப்போகிறவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். எல்லாம் முடித்துவிட்டு “எப்படி இருக்கு?” என்று கேட்டால், மரியாதைக்கு “நல்லா இருக்குங்க” என்றுதான் சொல்வார். முதலிலேயே உட்காரவைத்தால், “இது எனக்கு எதுக்குங்க?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொல்லத் தெரிந்தவர்தான் குழுவை நடத்தத் தகுந்தவர்.