படி இல்லாத மிதவை

போபால் நகரின் புறத்தே அமைந்த பள்ளியொன்றில் நான் பணியாற்றிய காலம் அது. விருப்பமொழியாகத் தமிழ் பயின்றோர் பதினொருவர். அவர்களுள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், வகுப்பு முடிந்தபின் ஒருநாள் தயங்கி நின்றான்.

“ஐயா, ‘ஃப்ளோட்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்?”

“மிதவை” என்றேன். அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

அவனிடம் ரிமோட்டால் இயங்கும் சிறு விமானம் ஒன்று இருந்தது. நுரைப்பொருளால் ஆனது, புதிதாகப் பழகுவோருக்கு உரியது. இறக்கை உடலின் மேற்புறத்தில் இருந்ததால் நீரிலிருந்து விலகியே நிற்கும். 2020 அக்டோபர் 31 அன்று சபர்மதி ஆற்றிலிருந்து கெவாடியாவுக்கு நீர்விமானச் சேவை தொடங்கியதைத் தொலைக்காட்சியில் கண்டது முதல், தன் விமானத்தையும் நீரிலிருந்து எழுப்பிவிட வேண்டும் என்பதே அவன் நினைவாயிற்று. இரயில்வேயில் பணிபுரிந்த அவன் தந்தைக்கோ மாறுதல் ஆணை வந்துவிட்டது. திசம்பர் இறுதியில் ஊர் மாற வேண்டும். கையில் இருந்தவை ஐந்து வாரங்கள்.

நான் துணைக்கு வருவதாக ஒப்புக்கொண்டேன். சிறுவயதில் வாழைத்தண்டுகளைக் கட்டி ஊர்க் குளத்தில் மிதந்தவன் என்பதே என் தகுதி.

கணக்கு எளிதாகவே இருந்தது. மிதவைகளோடு சேர்த்து விமானத்தின் எடை ஏறக்குறைய 1 கிலோ. அது மிதக்க 1 லிட்டர் நீரை விலக்கினால் போதும். ஆயினும் மூக்கு தாழும்போது தாங்குவதற்கு அதைப்போல் இருமடங்கு வேண்டும் என்பது இத்துறையினர் வழக்கம். ஆகவே மிதவை ஒன்றுக்கு 1000 கன சென்டிமீட்டர். நீளம் விமான உடலின் நீளத்தில் முக்கால் பங்கு. முனைகள் சுழல்விசிறிக்கும் முன்னே நீண்டிருக்க வேண்டும். இல்லையேல் விமானம் குப்புற விழும். தெர்மோகோலை அறுத்து, தேய்த்து, மேலே பசைநாடா சுற்றினோம். சக்கரங்களைக் கழற்றி, அவற்றைத் தாங்கிய கம்பியில் மிதவைகளைப் பொருத்தினோம்.

அவன் வைத்திருந்த வரைபடத்தில், மிதவையின் அடிப்புறம் நடுவில் ஒரு படிபோல் வெட்டப்பட்டிருந்தது. “வழவழப்பாக இருந்தால்தானே நீர் வழிவிடும்? இந்த வெட்டு எதற்கு?” என்றேன். அவன் மறுத்துப் பேசவில்லை. ஆசிரியர் சொல்லை மாணவன் மறுக்காதிருப்பது நல்ல பழக்கம் என்று அதுவரை நான் எண்ணியிருந்தேன்.

ஒரு ஞாயிறு காலையில், ஊருக்கு வெளியே இருந்த குளத்திற்குச் சென்றோம். குளத்தில் பாதியைச் சிங்காடாக் கொடிகள் மூடியிருந்தன. மீதி தெளிந்த நீர். விமானம் அழகாக மிதந்தது, ஓடியது, ஆனால் எழவில்லை. மும்முறை குளத்தின் நீளம் முழுவதும் ஓடியும் நீர் அதை விடவில்லை. நான்காம் முறை அவன் நெம்புகோலை முழுவதும் இழுத்தான். விமானம் ஒரு முழ உயரம் துள்ளி, சாய்ந்து, தலைகீழாகக் கொடிகளின் நடுவே விழுந்தது.

சிங்காடாக் காய் பறித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அதை மீட்டுத் தந்தார். கவிழ்த்த இரு மண்பானைகளை மூங்கிலால் பிணைத்து, அம்மூங்கில்மேல் அமர்ந்து கைகளால் துழாவியபடி வந்தார் அவர். அழுகையை அடக்கிக்கொண்டிருந்த மாணவன் அந்நிலையிலும், “ஐயா, அதுவும் இரட்டை மிதவை” என்றான்.

மறுநாள் இயற்பியல் ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பேசாமல் ஒரு கரண்டியை எடுத்துக் குழாயடிக்கு அழைத்துச் சென்றார். காம்பை இரு விரல்களால் தளர்வாகப் பிடித்து, கரண்டியின் முதுகை ஒழுகும் நீரில் படச் செய்தார். நீர் அதைத் தள்ளும் என்று நினைத்தேன்; தன்பக்கம் இழுத்துக்கொண்டது. வளைந்த வழவழப்பான பரப்பை நீர் பற்றிக்கொள்ளுமாம். படி இருந்தால், வேகம் கூடும்போது நீர் அவ்விடத்தில் அறுபடும். பின்னால் காற்று புகும். மிதவை நீரின் மேற்பரப்பில் சறுக்கத் தொடங்கும். படி விமானத்தின் எடைமையத்திற்குச் சற்றே பின்னால் அமைந்தால், மூக்கை உயர்த்துவதும் எளிது.

மாணவனிடம், “தவறு என்னுடையது” என்றேன்.

“எனக்கு அப்போதே ஐயம் இருந்தது, ஐயா. சொல்லலாமா என்று தெரியவில்லை” என்றான் அவன். அதற்கு உடனே விடை கூற எனக்கு வாய் வரவில்லை.

புதிய இணை மிதவைகளை அவனே செய்தான். நான் பிடித்துக்கொள்ளச் சொன்ன இடத்தில் பிடித்துக்கொண்டேன். சேறு புகுந்த சிறு மோட்டார் ஒன்றை மாற்ற நேர்ந்தது. மின்னலை வாங்கும் கருவியை வெயிலில் உலர்த்தி, பலூனுக்குள் இட்டு வாயைக் கட்டினோம். முன்புறம் மிதவைகளின் பரப்பு கூடியதால் வால் அலையக்கூடும் என்று, வாலின் கீழ் ஒரு சிறு தகட்டையும் ஒட்டினான். எடைமையம் இடம்மாறவில்லை என்பதை இருமுறை சரிபார்த்தான். “போதுமா, ஐயா?” என்று கேட்டான். “உனக்கு என்ன தோன்றுகிறது?” என்றேன். மூன்றாம் முறையும் பார்த்தான்.

திசம்பர் நடுவில், பனி விலகிய ஒரு காலை. காற்றை எதிர்நோக்கி விமானத்தை நிறுத்தி, விசையை மெல்லக் கூட்டினான். முதலில் மூக்கு உயர்ந்தது, பின் தாழ்ந்தது. படிக்குப் பின்னால் நீர் வெண்ணிறமாகச் சிதறிற்று. சலசலப்பு மெல்லிய சீற்றமாக மாறியது. அதன்பின் ஒலியே இல்லை. மிதவைகளிலிருந்து சொட்டிய நீர் மட்டும் வரிசையாக வட்டங்களை வரைந்துகொண்டே சென்றது. இருமுறை சுற்றிவந்து இறங்கியது. குளத்தின் நடுவில் பானைமேல் அமர்ந்திருந்த முதியவர் கையைத் தூக்கி ஆட்டினார்.

அவர்கள் புறப்படும் நாளில் வீட்டிற்குச் சென்றிருந்தேன். விமானம் இருந்த பெட்டியின்மேல் ‘மிதவைகள் – கவனம்’ என்று தமிழில் எழுதியிருந்தான், பிழையில்லை. சுமை ஏற்ற வந்தவர்களுள் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. எழுதுகோலை வாங்கி, அதன்கீழ் இந்தியிலும் எழுதிக் கொடுத்தேன்.